போக மறுக்கும் சாப்ட்வேரை வெளியேற்றுவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் சில மாதங்களில் கண்ணில் பட்ட சாப்ட்வேரையெல்லாம் இன்ஸ்டால் செய்து பார்ப்பார்கள். பழகுவதற்கு அதுவும் ஒரு வழிதான். வேண்டாததை நீக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அன்இன்ஸ்டால் என்று அழுத்தினால் ஒரு கட்டம் வரும், பச்சைக் கோடு பாதி தூரம் ஓடும், அப்படியே நின்றுவிடும். இல்லையென்றால் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பிழைச் செய்தி வரும். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால், "ஃபார்மேட் அடிச்சிடலாம் சார், புதுசு மாதிரி ஆயிடும்" என்பார்கள்.

புதுசு மாதிரி ஆகும் என்பது உண்மைதான். ஆனால் டெஸ்க்டாப்பில் நீங்கள் வைத்திருக்கும் பைல்கள், டாக்குமெண்ட்ஸ் போல்டர், பிக்சர்ஸ் போல்டர் எல்லாமே சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன என்பது புதியவர்கள் பலருக்குத் தெரியாது. சி டிரைவை ஃபார்மேட் செய்தால் அவையும் போய்விடும். ஒரே ஒரு புரோகிராமை நீக்குவதற்காகக் குடும்ப போட்டோக்களை இழக்க வேண்டியதில்லை. அன்இன்ஸ்டால் என்பது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், பிடிவாதம் பிடிக்கும் சாப்ட்வேர்களில் பெரும்பாலானவற்றை நீங்களே வீட்டில் உட்கார்ந்து நீக்கிவிடலாம்.

விண்டோஸ் எதையும் அழிப்பதில்லை

விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் என்று போனால் கம்ப்யூட்டரில் உள்ள புரோகிராம்களின் பட்டியல் வரும். எக்ஸ்பி காலத்தில் இதற்கு ஆட் ஆர் ரிமூவ் புரோகிராம்ஸ் என்று பெயர். 2007ல் விஸ்டா வந்தபோது புரோகிராம்ஸ் அண்ட் பீச்சர்ஸ் என்று மாற்றினார்கள். கண்ட்ரோல் பேனலைத் திறந்தால் அந்தப் பழைய பட்டியலை விண்டோஸ் 11லும் பார்க்கலாம்.

இந்தப் பட்டியலில் அன்இன்ஸ்டால் என்று அழுத்தினால் விண்டோஸே அந்த சாப்ட்வேரைத் தேடி அழிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். சாதாரண டெஸ்க்டாப் புரோகிராம்களைப் பொறுத்தவரை அப்படி இல்லை. பெரும்பாலும் ஒரு சாப்ட்வேர் இன்ஸ்டால் ஆகும்போது தன்னை நீக்கும் புரோகிராமையும் தானே கொண்டுவந்து வைக்கிறது. அது எங்கே இருக்கிறது என்ற முகவரியை மட்டும் ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைக்கிறது. நீங்கள் பட்டனை அழுத்தியதும் விண்டோஸ் அந்த முகவரிக்குப் போய் அந்தப் புரோகிராமை இயக்குகிறது. அவ்வளவுதான். வீட்டுக்காரர் கதவைத் தட்டிக் காலி செய்யச் சொல்வது போல. சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியவர் குடியிருப்பவர்தான்.

புரோகிராம் பைல்ஸ் என்ற போல்டருக்குள் ஏதாவது ஒரு சாப்ட்வேரின் போல்டரைத் திறந்து பாருங்கள். அன்இன்ஸ்டால் என்ற பெயரிலோ, அன்இன்ஸ் என்று தொடங்கி மூன்று பூஜ்யங்களில் முடியும் பெயரிலோ ஒரு பைல் இருக்கலாம். நீக்கும் வேலையைச் செய்வது அதுதான்.

இது தெரிந்தால், புதியவர்கள் செய்யும் ஒரு காரியம் ஏன் கூடாது என்பது தானாகவே விளங்கும். அன்இன்ஸ்டால் ஆகவில்லை என்றதும் அந்த போல்டரையே வலது கிளிக் செய்து டெலீட் செய்துவிடுவார்கள். நீக்கும் புரோகிராமும் அதோடு போய்விடும். அடுத்த முறை பட்டியலில் அன்இன்ஸ்டால் என்று அழுத்தினால், 'இது ஏற்கனவே நீக்கப்பட்டிருக்கலாம், பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடவா?' என்ற பொருளில் விண்டோஸ் கேட்கும். யெஸ் என்று அழுத்தினால் பெயர் மறைந்துவிடும். மறைவது பெயர் மட்டும்தான். அந்த சாப்ட்வேர் போட்டு வைத்த சர்வீஸ்கள், டிரைவர்கள், கம்ப்யூட்டர் ஆரம்பிக்கும்போதே இயங்கும்படி எழுதி வைத்த குறிப்புகள் எல்லாம் உள்ளேயே இருக்கும்.

சிடி டிரைவ் மறைந்த கதை

போல்டரை அழிப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2005ல் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லலாம். சோனி பிஎம்ஜி நிறுவனம் தன் இசை சிடிக்கள் சிலவற்றில் காப்பி எடுப்பதைத் தடுக்கும் எக்ஸ்சிபி என்ற சாப்ட்வேரைச் சேர்த்திருந்தது. சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பாட்டுக் கேட்டால் அதுவும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். தன் பைல்களைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துக்கொள்ளும். நீக்குவதற்கு ஆட் ரிமூவ் பட்டியலில் பெயரும் கிடையாது. சிஸ்இன்டர்னல்ஸ் என்ற கருவிகளை உருவாக்கிய மார்க் ருசினோவிச் இதைக் கண்டுபிடித்து 2005 அக்டோபர் 31ல் வெளியிட்டார்.

கையால் நீக்கிப் பார்த்தபோது அவருடைய கம்ப்யூட்டரில் சிடி டிரைவே காணாமல் போயிற்று. காரணம் இதுதான். அந்த சாப்ட்வேர் விண்டோஸுக்கும் சிடி டிரைவுக்கும் நடுவில் ஒரு டிரைவர் பைலை நுழைத்து, 'சிடி டிரைவை இயக்கும் முன் என்னைக் கேள்' என்று ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைத்திருந்தது. பைல் போய்விட்டது, எழுத்து மட்டும் நின்றது. இல்லாத ஆளைத் தேடிய விண்டோஸ், சிடி டிரைவை இயக்காமலே விட்டுவிட்டது. அதன்பின் அந்த நிறுவனம் இணையம் வழியாக ஒரு நீக்கும் வசதியைக் கொடுத்தது. அதுவே கம்ப்யூட்டரில் ஒரு பாதுகாப்பு ஓட்டையைத் திறந்து வைப்பதாக பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். கடைசியில் சிடிக்களையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

இன்று சிடி டிரைவ் உள்ள கம்ப்யூட்டரே குறைவு. ஆனால் இப்படி நடுவில் டிரைவர் பைலை நுழைக்கும் வழக்கம் போகவில்லை. ஆன்டிவைரஸ், விபிஎன், பேக்கப் சாப்ட்வேர் போன்றவை அப்படித்தான் வேலை செய்கின்றன. அதனால் இவற்றை போல்டரை அழித்து நீக்க முயலவே கூடாது.

முதலில் செய்ய வேண்டியவை

ஒரு ரீஸ்டோர் பாயிண்ட் உருவாக்கிக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் மெனுவில் ரீஸ்டோர் பாயிண்ட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் கிரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட் என்று வரும். பல கம்ப்யூட்டர்களில் இந்த வசதி ஆப் ஆகியிருக்கும். சி டிரைவைத் தேர்ந்தெடுத்து, கான்பிகர் பட்டனை அழுத்தி ஆன் செய்த பிறகு கிரியேட் கொடுங்கள். ஏதாவது கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப இது உதவும். முக்கியமான போட்டோக்களையும் கடிதங்களையும் ஒரு பென் டிரைவில் தனியாக எடுத்து வைப்பது அதைவிட முக்கியம்.

அடுத்து, நீக்க வேண்டிய புரோகிராம் இயங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோவை மூடிவிட்டாலும் திரையின் கீழே கடிகாரத்துக்குப் பக்கத்தில் அதன் ஐகான் உட்கார்ந்திருக்கும். வலது கிளிக் செய்து எக்சிட் அல்லது குவிட் கொடுங்கள். இயங்கிக்கொண்டிருக்கும் பைலை அழிக்க விண்டோஸ் விடாது. சில சாப்ட்வேர்கள் மவுஸின் வலது கிளிக் மெனுவில் தங்கள் பெயரைச் சேர்த்திருக்கும். அவற்றின் பைலை விண்டோஸ் எக்ஸ்புளோரரே பிடித்து வைத்திருக்கும். டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்புளோரரைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் கொடுத்தால் பெரும்பாலும் பிடி விடும்.

அதன்பின் கம்ப்யூட்டரை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து மறுபடி போடுவது இதற்குச் சமம் ஆகாது. விண்டோஸ் 8 முதல் பாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது ஆனில் இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் அடிப்பகுதியையும் டிரைவர்களையும் அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் எழுதி வைத்து, அடுத்த முறை அதே நிலையில் எழுப்புகிறது. சிக்கிக்கொண்ட டிரைவர் சிக்கியபடியே எழுந்து வரும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். 'வேறொரு புரோகிராம் நீக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது, அது முடியும்வரை காத்திருக்கவும்' என்று விண்டோஸ் பிடிவாதம் பிடித்தால், பெரும்பாலும் ஒரு ரீஸ்டார்ட்டிலேயே சரியாகிவிடும்.

மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள்

நீக்க வேண்டியதை மறுபடி போடுவதா என்று சிரிக்காதீர்கள். என் அனுபவத்தில் அதிகம் பலன் தந்த வழி இதுதான். நீக்கும் புரோகிராம் கெட்டுப்போனதுதானே பிரச்சினை? அதே சாப்ட்வேரை, முடிந்தால் அதே வெர்ஷனை, அதே இடத்தில் மறுபடி இன்ஸ்டால் செய்தால் நீக்கும் புரோகிராமும் புதிதாக வந்து உட்கார்ந்துவிடும். உடனே அன்இன்ஸ்டால் கொடுத்தால் ஒழுங்காகக் கிளம்பிவிடும்.

'நீங்கள் பயன்படுத்த முயலும் வசதி நெட்வொர்க்கில் உள்ளது, அது கிடைக்கவில்லை' என்று ஒரு விசித்திரமான செய்தி சில சமயம் வரும். வீட்டில் நெட்வொர்க்கே இல்லையே என்று குழம்ப வேண்டாம். எம்எஸ்ஐ வகை சாப்ட்வேர்கள் இன்ஸ்டால் ஆகும்போது விண்டோஸ் போல்டருக்குள் இன்ஸ்டாலர் என்ற மறைந்த போல்டரில் ஒரு பிரதி வைக்கப்படுகிறது. நீக்கும்போது அந்தப் பிரதி தேவை. ஹார்ட் டிஸ்க்கில் இடம் வேண்டும் என்று யாராவது அந்த போல்டரைக் காலி செய்திருந்தால் இந்தச் செய்தி வரும். அதே வெர்ஷனின் இன்ஸ்டால் பைலைத் தேடி எடுத்து, அது கேட்கும் கட்டத்தில் காட்டினால் வேலை முடியும். யார் சொன்னாலும் அந்த இன்ஸ்டாலர் போல்டரில் கை வைக்காதீர்கள்.

ஆன்டிவைரஸ் என்னும் தனி ரகம்

நீக்குவதற்கு மிகவும் கடினமானது ஆன்டிவைரஸ்தான். அதைக் குறை சொல்ல முடியாது. கம்ப்யூட்டருக்குள் நுழையும் வைரஸ் காவல்காரனை முடக்கத்தான் முதலில் பார்க்கும் என்பதால், தன்னை யாரும் நிறுத்தவோ அழிக்கவோ முடியாதபடி ஆன்டிவைரஸ் தன்னைப் பாதுகாத்துக்கொள்கிறது. நீக்க வருவது நீங்களா, வைரஸா என்று அதற்கு எப்படித் தெரியும்?

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஓய்வுத் தொகையில் லேப்டாப் வாங்கினார். அதில் சில மாதங்களுக்கு இலவசம் என்று ஒரு ஆன்டிவைரஸ் ஏற்கனவே போட்டிருந்தது. காலம் முடிந்ததும் தினமும் பணம் கேட்டுக் கட்டம் காட்டியது. அவர் வேறொரு ஆன்டிவைரஸைப் போட்டுவிட்டுப் பழையதை நீக்கப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது. அதன்பின் எந்த பைலைத் திறந்தாலும் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் பரிசோதித்தன. ஒரு கடிதம் திறக்க நிமிடக்கணக்கில் ஆயிற்று. கடையில் ஃபார்மேட் செய்யச் சொன்னார்கள். "தம்பி, பேத்தி பிறந்ததிலேர்ந்து எடுத்த போட்டோ எல்லாம் இதுலதான் இருக்கு. அது போகாதுல்ல?" என்று என்னிடம் கேட்டார். போட்டோக்கள் டெஸ்க்டாப்பில் ஒரு போல்டரில் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. ஃபார்மேட் செய்திருந்தால் அத்தனையும் போயிருக்கும்.

"சார், முதல்ல அதை பென் டிரைவ்ல எடுத்துடலாம்" என்று எடுத்து வைத்தேன். பிறகு அந்த ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து அவர்களுடைய நீக்கும் கருவியை டவுன்லோட் செய்து இயக்கி, ரீஸ்டார்ட் செய்தோம். பழையது போய்விட்டது. மொத்த வேலையில் அதிக நேரம் எடுத்தது போட்டோக்களைப் பிரதி எடுத்ததுதான்.

பெரிய ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் பலவும் இப்படி ஒரு கருவியைத் தருகின்றன. நார்ட்டன், மெக்காபி, அவாஸ்ட், ஏவிஜி, காஸ்பர்ஸ்கை, ஈசெட் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக உண்டு. நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். தேடினால் முதலில் வரும் விளம்பரத் தளங்களில், பெரிதாகப் பச்சை நிறத்தில் டவுன்லோட் என்று மின்னும் பட்டன் வேறு எதையாவது கொண்டுவரும்.

பாதி நீங்கிய ஆன்டிவைரஸில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. விண்டோஸுடன் வரும் டிபெண்டர், வேறு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒதுங்கிக்கொள்ளும். அது போனதும் தானே வேலைக்கு வரும். வேலை செய்யாத பழையது தன் பெயரை மட்டும் பதிவில் வைத்திருந்தால், காவலுக்கு ஆள் இருக்கிறது என்று டிபெண்டர் ஒதுங்கியே இருக்கக்கூடும். காவலே இல்லாத கம்ப்யூட்டரில் நீங்கள் வங்கிக் கணக்கைத் திறப்பீர்கள். அதனால் நீக்கி முடித்ததும் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்ஷன் பகுதியில் யார் பெயர் இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள்.

சேப் மோட்

சில நீக்கும் கருவிகள் சேப் மோடில் இயக்கச் சொல்லும். அந்த முறையில் விண்டோஸ் அத்தியாவசியமான டிரைவர்களை மட்டும் ஏற்றுவதால், பிடிவாதக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார். எக்ஸ்பி, விண்டோஸ் 7 காலத்தில் எப்8 கீயை அழுத்துவோம். இப்போது ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். டிரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் பட்டியலில் 4ஐ அழுத்துங்கள்.

புதிய லேப்டாப்களில் ஹார்ட் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். அப்போது பிட்லாக்கர் ரெக்கவரி கீ என்று 48 இலக்க எண்ணைக் கேட்கக்கூடும். உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் எழுதி வைத்துக்கொண்டபின் சேப் மோடுக்குப் போங்கள். இன்னொன்று: எம்எஸ்ஐ வகை சாப்ட்வேர்களைச் சேப் மோடில் சாதாரணமாக நீக்க முடியாது. அவற்றை நீக்கும் விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸும் அங்கே தூங்கிக்கொண்டுதான் இருக்கும்.

வெளியிலிருந்து உதவி

ரெவோ அன்இன்ஸ்டாலர், கீக் அன்இன்ஸ்டாலர், பிசிஅன்இன்ஸ்டாலர் என்று இதற்கென்றே இலவச சாப்ட்வேர்கள் இருக்கின்றன. ரெவோ முதலில் சாப்ட்வேரின் சொந்த நீக்கும் புரோகிராமை இயக்கும். அது முடிந்தபின் மிச்சம் மீதி பைல்களையும் ரெஜிஸ்ட்ரி குறிப்புகளையும் தேடிக் காட்டும். செலக்ட் ஆல் கொடுத்து எல்லாவற்றையும் அழிக்கும் ஆசை வரும். வேண்டாம். நீக்கிய சாப்ட்வேரின் பெயரோ, அதைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரோ தெளிவாக இருப்பதை மட்டும் அழியுங்கள். மைக்ரோசாப்ட்டே முன்பு விண்டோஸ் இன்ஸ்டாலர் கிளீன்அப் என்று ஒரு கருவி தந்தது. மற்ற சாப்ட்வேர்களின் பகுதிகளையும் சில சமயம் கெடுத்துவிடுகிறது என்று 2010ல் அதைத் தானே விலக்கிக்கொண்டது.

புது லேப்டாப்புடன் கூடவே வந்த சாப்ட்வேர்களில் இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். 2014 இறுதியில் விற்பனையான சில லெனோவோ லேப்டாப்களில் சூப்பர்பிஷ் என்ற விளம்பர சாப்ட்வேர் இருந்தது. 2015 பிப்ரவரியில் அது பெரிய செய்தி ஆயிற்று. அன்இன்ஸ்டால் செய்தால் சாப்ட்வேர் போய்விட்டது. அது விண்டோஸில் பதித்து வைத்த பாதுகாப்புச் சான்றிதழ் மட்டும் போகவில்லை. பாதுகாப்பான இணையத் தொடர்பையே பிறர் ஒட்டுக்கேட்க அது வழி செய்தது. அதை நீக்க லெனோவோ தனியாக ஒரு கருவி வெளியிட வேண்டியிருந்தது.

நீங்கள் போடாத ஒரு பெயர் தானாக வந்து, நீக்க நீக்கத் திரும்ப முளைத்தால் அது பெரும்பாலும் வைரஸ் இனம். அதோடு அன்இன்ஸ்டால் பட்டனை வைத்து மல்லுக்கட்ட வேண்டாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய் டிபெண்டர் ஆப்லைன் ஸ்கேன் கொடுங்கள்.

பட்டியலில் மட்டும் நிற்கும் பெயர்

எல்லாம் போய்விட்டது, பட்டியலில் பெயர் மட்டும் நிற்கிறது என்றால் ரெஜிஸ்ட்ரிக்குப் போக வேண்டும். அதற்கு முன் ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என்று டைப் செய்து, அந்த நிறுவனத்தின் பெயரில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டபுள் கிளிக் செய்து, எந்த பைலை இயக்குகிறது என்ற வரியைப் படித்து உறுதி செய்தபின், ஸ்டார்ட்அப் டைப்பை டிசேபிள்டு என்று மாற்றுங்கள். அழிக்க வேண்டாம். டிசேபிள் செய்ததை எப்போது வேண்டுமானாலும் திருப்பிவிடலாம்.

இப்போது ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து எச்கீ லோக்கல் மெஷின், சாப்ட்வேர், மைக்ரோசாப்ட், விண்டோஸ், கரண்ட் வெர்ஷன், அன்இன்ஸ்டால் என்று ஒவ்வொன்றாக உள்ளே போங்கள். சில பெயர்கள் வளைவு அடைப்புக்குறிக்குள் எண்களும் எழுத்துகளுமாக இருக்கும். ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து, வலது பக்கம் டிஸ்ப்ளே நேம் என்ற வரியில் உங்கள் சாப்ட்வேரின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். அதற்குக் கீழே அன்இன்ஸ்டால் ஸ்ட்ரிங் என்று ஒரு வரி இருக்கும். நான் முதலில் சொன்ன முகவரி அதுதான். அந்த முகவரியில் பைல் உண்மையிலேயே இல்லை என்று போய்ப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பைல் இருந்தால் அதையே டபுள் கிளிக் செய்து நேரடியாக இயக்கிப் பார்க்கலாம்; பட்டியல் வழியாகப் போகாதது சில சமயம் இப்படிப் போகும்.

பைல் இல்லையென்றால், இடது பக்கம் அந்த ஒரு கீயை மட்டும் வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு பிரதி சேமித்துவிட்டு, டெலீட் கொடுங்கள். அன்இன்ஸ்டால் என்ற தாய்க் கீயைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். அதை அழித்தால் மற்ற புரோகிராம்களின் முகவரிகளும் சேர்ந்து போய்விடும். தேடிய பெயர் இங்கே இல்லையென்றால், சாப்ட்வேர் என்பதற்கு அடுத்து வாவ்6432நோடு என்ற கீக்குள் இதே வரிசையில் போய்ப் பாருங்கள். பழைய 32 பிட் சாப்ட்வேர்கள் அங்கே இருக்கும். ஒரு பயனருக்கு மட்டும் இன்ஸ்டால் ஆனவை எச்கீ கரண்ட் யூசருக்குள் இருக்கும். எடிட்டரை மூடிவிட்டுப் பட்டியலைத் திறந்து எப்5 அழுத்தினால், பெயர் அங்கே இருக்காது.